காலத்தே சேரும் காட்சி

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



ஆண்டுக்கு ஒருமுறையாவது ஓர் அறிவியல் பொருளைத் தமிழில் பேசக் கேட்க வேண்டும் என்பதற்காகத் தம் ஊதியத்தில் மிச்சம் பிடித்து வைத்துச் சென்ற ஓர் ஆசிரியரின் நினைவாக இந்தப் பொழிவு நடக்கிறது. அவருடைய விருப்பத்துக்கு மரியாதை செய்ய, நான் நாள்தோறும் புழங்கும் பொருளையே எடுத்துக்கொண்டேன். இணையத்தின் வழியே வரும் காணொளி தடைபடாமல், தரம் குன்றாமல் நம்மை வந்து சேர்வது எப்படி என்பதே அந்தப் பொருள்.

2020-ஆம் ஆண்டு ஊரடங்கில் வீட்டிலிருந்து வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தேன். ஒரு மாணவி வீட்டுக்குள் சிக்னல் கிடைக்காமல் மொட்டைமாடியில், தண்ணீர்த் தொட்டியின் நிழலில் உட்கார்ந்து பாடம் கேட்டாள். “சார், நீங்க பேசுறது விட்டு விட்டுக் கேக்குது” என்று எழுதினாள். என் கேமராவை அணைத்தேன். பாடக்குறிப்பை மட்டும் நிலைப்படமாகப் பகிர்ந்தேன். ஒரு நிமிடத்தில் “இப்ப தெளிவா கேக்குது சார்” என்று பதில் வந்தது. அன்றைய பாடமும் வலையமைப்பு பற்றியதுதான். சற்று நேரம் கழித்து அவள் கேட்டாள்: “சார், வழியில தொலைஞ்சு போனதத் திரும்பக் கேட்டு வாங்கிக்கலாமே, ஏன் விட்டுட்டுப் போகணும்?”

நல்ல கேள்வி. அன்று இரண்டு வரியில் பதில் சொன்னேன். இன்று முழுதாகச் சொல்ல முயல்கிறேன்.

தனிப் பேருந்தும் தனித்தனிப் பயணமும்

பழைய தொலைபேசியில் இருவர் பேசினால், அவர்கள் இருவருக்கென்றே ஒரு பாதை ஒதுக்கப்படும். கல்யாணத்துக்குத் தனிப் பேருந்து பிடிப்பது போல. பேசினாலும் பேசாவிட்டாலும் அந்த வண்டி அவர்களுடையது. 1960-களில் அமெரிக்காவின் ராண்ட் நிறுவனத்தில் பால் பாரனும், பிரிட்டனின் தேசிய இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் டொனால்ட் டேவிஸும் ஒருவரையொருவர் அறியாமலேயே வேறொரு வழி கண்டார்கள். செய்தியைச் சிறு துண்டுகளாக நறுக்கி, ஒவ்வொன்றின் மேலும் முகவரி எழுதி, பொதுப் பாதையில் அனுப்பிவிடுவது. அந்தத் துண்டுக்குப் ‘பாக்கெட்’ என்று பெயர் வைத்தவர் டேவிஸ்.

இந்த ஏற்பாட்டில் உறவினர்கள் அவரவர் கையில் முகவரிச் சீட்டோடு கிடைத்த பேருந்தில் ஏறி வருகிறார்கள். செலவு குறைவு. ஒரு சாலை அடைபட்டால் இன்னொரு சாலை இருக்கிறது. ஆனால் முன்னால் கிளம்பியவர் பின்னால் வரலாம். சிலர் தாலி கட்டி முடிந்த பிறகு வரலாம். சிலர் வராமலே போகலாம். ‘முடிந்தவரை கொண்டுசேர்ப்பேன்’ என்பதற்கு மேல் இணையம் யாருக்கும் எந்த வாக்குறுதியும் தருவதில்லை.

கடிதத்துக்கு இது போதும். மின்னஞ்சல் இரண்டு விநாடி தாமதித்தால் யாரும் கவனிப்பதில்லை. காணொளி அப்படியன்று. 1080 வரிகள் கொண்ட காட்சி, விநாடிக்கு 30 சட்டங்கள் (ஃபிரேம்கள்) என்று வைத்துக்கொண்டால், சுருக்காத நிலையில் விநாடிக்கு ஏறத்தாழ 75 கோடி பிட் ஆகும். அதை எச்.264 போன்ற முறைகளால் சுமார் 50 லட்சம் பிட்டாகச் சுருக்குகிறோம், அதாவது 150-ல் ஒரு பங்கு. அந்த 50 லட்சம் பிட்டும் விநாடிக்குச் சுமார் 450 பாக்கெட்டுகளாகப் புறப்படுகிறது. அத்தனையும் அந்தந்தச் சட்டம் திரையில் தோன்ற வேண்டிய நேரத்துக்கு முன் வந்து சேர்ந்தாக வேண்டும்.

மேல்நிலைத் தொட்டி

பாக்கெட்டுக்கு மூன்று விதமாகக் கேடு வரும். தாமதம் ஒன்று. தாமதம் ஒரே அளவாக இல்லாமல் ஏறி இறங்குவது இரண்டு. அடியோடு தொலைவது மூன்று.

தாமதம் மட்டும் என்றால் சமாளிக்கலாம். கண்ணாடியிழையில் ஒளி விநாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் செல்கிறது. சென்னையிலிருந்து சிங்கப்பூருக்குச் செல்லும் கடலடி வடத்தின் 3,200 கிலோமீட்டரை 16 மில்லிவிநாடியில் கடந்துவிடும். பார்ப்பவருக்கு அது தெரியவே தெரியாது. தொந்தரவு ஏற்ற இறக்கத்தில்தான். ஒரு பாக்கெட் 40 மில்லிவிநாடியில் வருகிறது, அடுத்தது 300-ல் வருகிறது. இடையில் எங்கோ ஒரு ரவுட்டரில் வரிசையில் நின்றிருக்கிறது.

இதற்கு நாம் கண்ட மருந்து நம் வீடுகளில் எல்லாம் இருக்கும் மேல்நிலைத் தொட்டிதான். குழாயில் தண்ணீர் எப்போது வரும், எவ்வளவு வேகத்தில் வரும் என்று சொல்ல முடியாது. அதனால் தொட்டியில் ஏற்றி வைக்கிறோம். தெருக்குழாய் திணறினாலும் சமையலறைக் குழாயில் சீராக வருகிறது. கைபேசியில் இருக்கும் பஃபர் இதே வேலையைத்தான் செய்கிறது. 20 விநாடிக் காட்சியை முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொண்டால், 15 விநாடி சிக்னல் போனாலும் படம் நிற்காது. தொட்டி வறண்டால்தான் திரையில் அந்த வட்டம் சுற்றத் தொடங்கும்.

ஆனால் தொட்டி எவ்வளவு பெரிதோ அவ்வளவு நேரம் நாம் பின்தங்குகிறோம். திரைப்படத்துக்கு அது பொருட்டில்லை. கிரிக்கெட்டுக்குப் பொருட்டு. ஆறு விநாடித் துண்டுகளில் மூன்றைப் பின்னால் விட்டுத் தொடங்கும் ஒளிபரப்பு 18 விநாடி பிந்தி ஓடுகிறது. பக்கத்து வீட்டுத் தொலைக்காட்சியில் சிக்சருக்கு எழும் கூச்சல் முதலில் வந்துவிடும், பந்துவீச்சாளர் நம் கைபேசியில் அப்போதுதான் ஓடத் தொடங்குவார். இருவர் நேருக்கு நேர் உரையாடும்போது 18 விநாடி என்ற பேச்சுக்கே இடமில்லை. ஒருவழித் தாமதம் 150 மில்லிவிநாடிக்குள் இருந்தால்தான் உரையாடல் இயல்பாக நடக்கும் என்கிறது பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரை. அதைத் தாண்டினால் ஒருவர் பேச்சில் இன்னொருவர் குறுக்கிட நேர்கிறது.

ஆகவே திரைப்படம், நேரலை, உரையாடல் மூன்றுக்கும் தரம் என்பது ஒரே பொருளில் இல்லை. எவ்வளவு நேரம் காத்திருக்கலாம் என்பதிலிருந்தே எல்லாம் தொடங்குகிறது.

நேற்றைய பால் பாக்கெட்

இப்போது மாணவியின் கேள்விக்கு வருகிறேன். தொலைந்ததைத் திரும்பக் கேட்டால் என்ன?

1970-களின் தொடக்கத்தில் டேனி கோஹன் என்ற அறிவியலாளர் இணையத்தின் முன்னோடியான ஆர்ப்பாநெட் வழியே மனிதக் குரலை அனுப்பும் சோதனைகளில் இறங்கினார். அன்றைய நெறிமுறை, ஒரு பாக்கெட் தொலைந்தால் அது மறுபடி வந்து சேரும்வரை பின்னால் வந்த அத்தனையையும் நிறுத்திவைக்கும். கோப்புக்கு அது சரி. குரலுக்கு அது கேடு. ஓர் எழுத்தின் ஒலி தொலைந்ததற்காக முழு வாக்கியத்தையும் நிறுத்திவைத்தால் பேச்சே போய்விடுகிறது. அவரைப் போன்றோர் வலியுறுத்தியதால் 1978-ல் டிசிபி என்ற ஒரே நெறிமுறை டிசிபி, ஐபி என்று இரண்டாகப் பிரிந்தது. கொண்டுசெல்வது ஐபி-யின் வேலை. தொலைந்ததை மீட்டு வரிசைப்படுத்துவது டிசிபி-யின் வேலை. வரிசையும் மீட்பும் வேண்டாதவர்களுக்காக 1980-ல் யுடிபி வந்தது. இன்று நாம் டிசிபி/ஐபி என்று ஒரே மூச்சில் சொல்லும் பெயரின் நடுவே இருக்கும் அந்தச் சாய்கோடு, மனிதக் குரலுக்காகப் போடப்பட்ட கோடு.

எங்கள் பாடநூல்களில் இதை விளக்கப் பாலையும் மதுவையும் உவமை சொல்வார்கள். பழையதற்கு மதிப்பு கூடினால் மது, புதியதற்கு மதிப்பு கூடினால் பால். காணொளி பால் வகை. நேற்று வர வேண்டிய பால் பாக்கெட் இன்று காலை வாசலில் கிடந்தால் அதை யாரும் காய்ச்ச மாட்டார்கள்.

ஆனால் எல்லாப் பாக்கெட்டுகளும் ஒரே மதிப்புடையவை அல்ல. சுருக்கிய காணொளியில் இரண்டு விநாடிக்கு ஒருமுறை போல ஒரு முழுச் சட்டம் வரும். அதை ஐ-ஃபிரேம் என்கிறோம். நடுவில் வருபவை முந்தைய சட்டத்திலிருந்து எது மாறியது என்பதை மட்டும் சொல்பவை. செய்தி வாசிப்பவரின் உதடு அசைந்தது, பின்னால் இருக்கும் சுவர் அப்படியே இருக்கிறது என்பது போல. உதட்டசைவைச் சொல்லும் பாக்கெட் ஒன்று போனால் ஒரு கணம் மங்கும். ஐ-ஃபிரேமின் பாக்கெட் போனால் அடுத்த முழுச் சட்டம் வரும்வரை முகம் சதுரம் சதுரமாகச் சிதறி நிற்கும். எதை எந்த விலை கொடுத்தும் காப்பது, எதை விட்டுவிடுவது என்று முன்கூட்டியே அறிந்திருப்பதுதான் இங்கே கலை.

காப்பதற்கு ஓர் அழகான வழி உண்டு. 7, 4, 9 என்று மூன்று எண்களை அனுப்புகிறேன். கூடவே அவற்றின் கூட்டுத்தொகை 20-ஐயும் அனுப்புகிறேன். வழியில் 4 தொலைந்துவிட்டது. வாங்கியவர் என்னிடம் திரும்பக் கேட்க வேண்டியதில்லை. 20-லிருந்து 7-ஐயும் 9-ஐயும் கழித்தால் 4 கிடைத்துவிடும். பாக்கெட்டுகளுக்கும் இதே தத்துவம்தான். பத்து பாக்கெட்டுக்கு ஒரு காப்புப் பாக்கெட் சேர்த்தால் பத்து சதவீதச் சுமை கூடும், அந்தப் பத்தில் எது தொலைந்தாலும் நொடியில் மீட்கலாம். இரண்டு சேர்ந்தாற்போல் தொலைந்தால் இந்தக் கணக்கு உதவாது. அதனால் அடுத்தடுத்த பாக்கெட்டுகளை வெவ்வேறு கூட்டங்களில் கலந்து வைத்து அனுப்புகிறோம். ஒரே அடியில் இரண்டு விழுந்தாலும் அவை வேறு வேறு கூட்டத்தைச் சேர்ந்தவையாக இருக்கும்.

விட்டுக்கொடுத்தல்

இதுவரை சொன்னவை ஒருவர் தம் காணொளியைக் காக்கும் வழிகள். ஆனால் பாதை பொதுப் பாதை.

1986 அக்டோபரில் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வுக்கூடத்துக்கும் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்துக்கும் இடையே, வெறும் 400 கெஜ தூரத்தில், இணைப்பின் வேகம் விநாடிக்கு 32,000 பிட்டிலிருந்து 40 பிட்டாகச் சரிந்தது. கம்பி அறுபடவில்லை. எந்தக் கருவியும் பழுதாகவில்லை. நெரிசலில் பாக்கெட்டுகள் தொலைந்தன. தொலைந்ததை எல்லாரும் உடனே மறுபடி அனுப்பினார்கள். அதனால் நெரிசல் இன்னும் கூடியது. இதை ஆராய்ந்த வான் ஜேக்கப்சன் 1988-ல் வெளியிட்ட தீர்வின் சாரம் எளியது. பாக்கெட் தொலைந்தால், பாதை நிறைந்துவிட்டது என்று பொருள். அப்போது உன் வேகத்தைச் சட்டென்று குறைத்துக்கொள், பிறகு மெல்ல மெல்லக் கூட்டு. இன்றுவரை இணையம் நிலைகுலையாமல் ஓடுவதற்கு, முகம் தெரியாத கோடிக்கணக்கான கணினிகள் இந்த விட்டுக்கொடுத்தலைக் கடைப்பிடிப்பதே காரணம்.

முக்கியமானவற்றுக்குப் பாதையை முன்பதிவு செய்யும் திட்டங்களும் 1990-களில் வந்தன. ஒரே நிறுவனத்தின் வலைக்குள் அவை பயன்பட்டன. பல நிறுவனங்களின் வலைகளைக் கடக்கும் பொது இணையத்தில் வேரூன்றவில்லை. அதனால் தரத்தைக் காக்கும் பொறுப்பு பாதையிடமிருந்து இரு முனைகளுக்கும் வந்து சேர்ந்தது.

2009-ல் ஆப்பிளின் எச்எல்எஸ் முறையும், 2012-ல் டேஷ் என்ற பன்னாட்டுத் தரமும் இந்தப் பொறுப்பை ஒழுங்குபடுத்தின. ஒரே படத்தை 240, 480, 720, 1080 எனப் பல தரங்களில் தயாரித்து, ஒவ்வொன்றையும் சில விநாடித் துண்டுகளாக நறுக்கி, பார்வையாளருக்கு அருகிலுள்ள சர்வர்களில் வைத்துவிடுகிறார்கள். அடுத்த துண்டை எந்தத் தரத்தில் கேட்பது என்று முடிவெடுப்பது நம் கையில் இருக்கும் கைபேசி. பேருந்தில் போகும்போது படம் மங்கி, பிறகு தெளிவது இதனால்தான்.

எப்படி முடிவெடுப்பது? முதலில் எல்லாரும் குழாயின் வேகத்தை ஊகித்துப் பார்த்தார்கள். கைபேசிச் சிக்னலில் அந்த ஊகம் அடிக்கடி பொய்த்தது. 2014-ல் டே-யுவான் ஹுவாங், ரமேஷ் ஜோஹாரி, நிக் மெக்கியோன் முதலான ஆய்வாளர்கள் நெட்ஃபிளிக்ஸின் பார்வையாளர்களிடையே வேறொன்றைச் சோதித்தார்கள். தெருக்குழாயை ஊகிப்பதைக் குறைத்துத் தொட்டியின் நீர்மட்டத்தைப் பார்த்து முடிவெடுப்பது. மட்டம் உயர்ந்திருந்தால் உயர்ந்த தரம், தாழ்ந்தால் தாழ்ந்த தரம். படம் தடைபடுவது 10 முதல் 20 சதவீதம் குறைந்தது.

பார்ப்பவர் எதைப் பொறுத்துக்கொள்வார் என்பதையும் அளந்திருக்கிறார்கள். சென்னை ஐஐடியில் பயின்று மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருக்கும் ரமேஷ் சீதாராமனும், அகமாய் நிறுவனத்தின் எஸ். சண்முக கிருஷ்ணனும் 2012-ல் 2.3 கோடி காட்சிப் பதிவுகளை ஆராய்ந்தார்கள். படம் தொடங்க இரண்டு விநாடிக்கு மேல் ஆனால் மக்கள் விலகத் தொடங்குகிறார்கள். அதற்குப்பின் கூடும் ஒவ்வொரு விநாடிக்கும் விலகுவோர் சுமார் 5.8 சதவீதம் கூடுகிறார்கள். மங்கலைப் பொறுக்கும் கண், நின்றுபோவதைப் பொறுப்பதில்லை.

2020 மார்ச்சில் இந்த விட்டுக்கொடுத்தலை நிறுவனங்களே கடைப்பிடித்தன. ஐரோப்பாவில் நெட்ஃபிளிக்ஸ் தன் தரவோட்டத்தைச் சுமார் கால் பங்கு குறைத்துக்கொண்டது. இந்தியாவில் காணொளி நிறுவனங்கள் கூடிப் பேசி, கைபேசி வலையில் 480-க்கு மேல் அனுப்புவதில்லை என்று சில வாரங்களுக்கு முடிவெடுத்தன. வீட்டிலிருந்து வேலையும் படிப்பும் நடக்கப் பாதையில் இடம்விட்ட செயல் அது.

தேனியில் முறைவைத்துப் பேசியது

இனி நம் ஊர்க் கதை ஒன்று. 1976-ல் டாக்டர் கோ. வெங்கடசாமி மதுரையில் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, 2004 முதல் சிற்றூர்களில் பார்வை மையங்களை அமைத்தது. அங்கே பயிற்சி பெற்ற பணியாளர் நோயாளியின் கண்ணைச் சோதிப்பார். பிறகு நோயாளி அங்கிருந்தபடியே தேனி மருத்துவமனையின் மருத்துவருடன் காணொளியில் பேசுவார். அன்று அந்த ஊர்களில் நல்ல பிராட்பேண்ட் கிடையாது. பெர்க்லி வளாகத்தின் கணினி அறிவியலாளர் எரிக் புரூவரின் குழுவினர், மலிவான வைஃபை அட்டைகளையும் திசை நோக்கிய ஆன்டெனாக்களையும் கொண்டு கிலோமீட்டர் கணக்கில் இணைப்புக் கொடுக்க முனைந்தார்கள்.

ஆனால் வைஃபை ஒரு வீட்டுக்காக, ஒரு கட்டடத்துக்காகச் செய்யப்பட்டது. ஒரு பாக்கெட்டை அனுப்பியதும், ‘கிடைத்தது’ என்ற பதிலுக்காக அது மிகச் சிறிது நேரமே காத்திருக்கும். 15 கிலோமீட்டர் தூரத்துக்கு அலை போக 50 மைக்ரோவிநாடி, வர 50 மைக்ரோவிநாடி. பதில் வந்துகொண்டிருக்கும்போதே அனுப்பியவர் பொறுமையிழந்து, தொலைந்துவிட்டது என்று முடிவுகட்டி மறுபடி அனுப்புவார். போதாததற்கு, மறுமுனை பேசுவது எட்டுவதற்கு முன்பே இந்த முனையும் பேசத் தொடங்கிவிடும். இரண்டும் மோதிக் கெடும்.

அவர்கள் செய்த மாற்றத்தை வைகைப் பாசன விவசாயிக்கு விளக்கவே தேவையில்லை. முறைவைத்துத் தண்ணீர் விடுவது போல, இவ்வளவு நேரம் இந்த முனை, அவ்வளவு நேரம் அந்த முனை என்று முறை வகுத்தார்கள். ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் பதில் என்பதை மாற்றி, ஒரு முறைக்கு மொத்தமாக ஒரே பதில் என்றார்கள். நான் சற்றுமுன் சொன்ன காப்புப் பாக்கெட்டையும் தேவைக்கேற்பச் சேர்த்தார்கள். 2007-ல் வெளியான அவர்களது கட்டுரையின்படி, பழைய முறையைவிட இரண்டு முதல் ஐந்து மடங்கு தரவு சென்றது. மறு ஆண்டு எழுதிய கட்டுரையில் இன்னொரு பாடத்தையும் பதிவு செய்தார்கள். இணைப்புகள் அறுந்ததற்குப் பெருங்காரணம் வானலை அன்று, ஏறி இறங்கும் மின்சாரம். ஆகவே காணொளியின் தரத்தைக் காப்பவர் மென்பொருளோடு நிற்க முடியாது. மின்கம்பம்வரை போய்ப் பார்க்க வேண்டும்.

அந்த மையத்தில் உட்கார்ந்திருக்கும் பெரியவரிடம் மருத்துவர், “எத்தனை நாளா வலிக்குது?” என்று கேட்கிறார். அந்தக் கேள்வியும் அதற்கான பதிலும் காலத்தே போய்ச் சேர வேண்டும். மருத்துவரின் சட்டை நிறம் மங்கினால் ஒன்றும் குறைந்துவிடாது.

மூன்று வேண்டுகோள்

இந்த அவையில் நாளை காணொளிச் செயலிகளை எழுதப்போகும் இளைஞர்கள் இருக்கிறீர்கள். உங்களிடம் மூன்று வேண்டுகோள்.

ஒன்று, குரலை முதலில் காப்பாற்றுங்கள். 2012-ல் தரப்படுத்தப்பட்ட ஓபஸ் முறையில் விநாடிக்கு முப்பதாயிரம் பிட் இருந்தால் பேச்சு தெளிவாகக் கேட்கும். காட்சிக்கு வேண்டியதில் அது ஒரு சிறு துளி. பாதை குறுகும்போது முதலில் சுருங்க வேண்டியது படம். பயனர் கேமராவை அணைக்க வேண்டும் என்று காத்திராமல், செயலியே அதைச் செய்யட்டும்.

இரண்டு, பார்ப்பவர் இருக்கும் இடத்திலிருந்து அளந்து பாருங்கள். சர்வர் எவ்வளவு அனுப்பியது என்ற கணக்கில் நிறைவடையாதீர்கள். திரை எத்தனை முறை நின்றது, முதல் காட்சி தோன்ற எத்தனை விநாடி ஆனது என்று கேளுங்கள்.

மூன்று, கண்ணாடியிழை வந்து சேரும் ஆய்வுக்கூடத்தில் மட்டும் உங்கள் செயலியைச் சோதிக்காதீர்கள். பழைய கைபேசியை எடுத்துக்கொண்டு ஊர்ப் பேருந்தில் ஏறுங்கள். கோடைப் பகலில் மொட்டைமாடிக்குப் போங்கள். அங்கே வேலை செய்தால் எங்கும் வேலை செய்யும்.

என் மாணவியின் கேள்விக்கு என் பதில் இதுதான். கேட்டு வாங்க நேரம் இருந்தால் கேட்டு வாங்கலாம், தொட்டியில் நீர் இருக்கும்வரை அதுவே நல்லது. நேரம் இல்லையென்றால், கூட அனுப்பிய காப்பைக் கொண்டு மீட்கலாம். அதுவும் இயலாதபோது அதை விட்டுவிட்டு அடுத்த சொல்லைக் கொண்டுசேர்க்க வேண்டும், ஏனென்றால் மறுமுனையில் ஒருவர் அதற்காகத்தான் காத்திருக்கிறார். அன்று கேமராவை அணைத்தபோது நான் இழந்தது என் முகத்தை மட்டும்தான். அவளுக்குப் பாடம் முழுதாகக் கிடைத்தது.